டைம்கீப்பர் பதில்கள்: பஸ் ஸ்டாண்டு ஏன் தெற்கே நடக்கிறது?

பஸ், ரயில், ரோடு, பிளாட்பாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பஸ் டைம்கீப்பர் பதில் சொல்லும் பகுதி. கேட்பவர் பெயர் போடுவதில்லை; ஊர் போதும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவுல ஒரு சின்ன சிட்டியில இருக்கான். அங்க நகர மன்றம் ஒரு கொள்கையை ஏத்துக்கிச்சாம். அரசாங்கப் பணத்துல போடற ரோடு, பாலம், பஸ் எதுலயும் இனம், நிறம், பூர்வீகம், வயசு, ஊனம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னு. போன்ல பெருமையா சொல்றான். நம்ம ஊர்ல பஸ்ல ஏறினவங்கள யாராவது இறக்கி விடறாங்களா? இதுக்குப் போய் ஒரு தீர்மானமா?
— ஓர் அம்மா, காலடிப்பேட்டை

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. அந்த நகர மன்றத்துக்கு ஒரு நாள் காலையில் நல்ல மனசு வந்து போட்ட தீர்மானம் இல்லை அது. பணத்துக்காகப் போட்டது. வாஷிங்டனிலிருந்து வரும் ரோட்டுப் பணமும் பஸ் வாங்கும் பணமும் வேண்டுமென்றால், இப்படி ஒரு கொள்கை கையில் இருந்தே தீர வேண்டும்.

அடிப்படை, 1964-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட குடிமை உரிமைச் சட்டம். அதன் ஆறாவது பகுதி ஒரே வாக்கியம்தான் முக்கியமாகச் சொல்கிறது: மத்திய அரசின் பண உதவி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாக யாரையும் விலக்கக் கூடாது, பலனை மறுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. ஊனம் 1973-லும், வயது 1975-லும் வேறு சட்டங்கள் வழியாக வந்து சேர்ந்தன. ஒரே ஒரு வேலைக்குப் பணம் வாங்கிவிட்டு, "அந்த வேலைக்கு மட்டும்தான் கட்டுப்படுவேன்" என்று தப்பிக்கப் பார்த்தவர்களுக்காக 1988-ல் இன்னொரு சட்டம் போட்டு, பணம் வாங்கும் துறை முழுக்கவே கட்டுப்பட வேண்டும் என்று ஆக்கினார்கள்.

மகன் ஊரில் ஏற்றுக்கொண்ட காகிதத்தில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன், கேட்டுப் பாருங்கள். மேயரோ நகர நிர்வாகியோ போட்ட கையெழுத்து இருக்கும். இந்த வேலைக்கென்று ஒரு அதிகாரியின் பதவியும் டெலிபோன் நம்பரும் இருக்கும். புகார் ஃபாரம் இருக்கும்; சம்பவம் நடந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். காண்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் இதே ஷரத்து ஏறும். அவர் இன்னொருவருக்குச் சப்-காண்ட்ராக்ட் விட்டால் அவருக்கும் ஏறும். பிறகு பாஷை. ஆங்கிலம் சரளமாக வராத, ஒரே மொழி பேசுகிறவர்கள் 1,000 பேரோ, மொத்தத்தில் 5 சதவீதமோ (எது குறைச்சலோ அது) இருந்தால், முக்கியமான காகிதங்களை அந்த மொழியில் எழுதிக் கொடுத்தால்தான் நகரத்துக்குப் பாதுகாப்பு என்று இருந்தது. அங்கே பஸ்ஸுக்குள் ஸ்பானிஷிலும் சீனத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருப்பது இந்த வகையில்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: "யாராவது இறக்கி விடறாங்களா?" விடுகிறார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு பாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதாக வீடியோ வந்தது. முதலமைச்சரே கண்டித்தார், பணியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். காசிமேட்டுக் கூடைக்காரம்மாக்களைக் கேளுங்கள், வீடியோ வராத கதைகள் சொல்வார்கள்.

ஆனால் பாகுபாடு என்றால் இறக்கிவிடுவது மட்டும்தான் என்று நினைத்தால் பாதிக் கதை போய்விடும். என் வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன். டெர்மினஸில் டைம்கீப்பர் ரூம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, சணல் கயிற்றில் கட்டிய ஒரு பேனா, வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதும் ரிஜிஸ்டர். காலையில் வண்டி குறைச்சல் என்றால் போன் வரும்: "ரெண்டு நடை கட் பண்ணிக்கோ." எந்த ரூட்டில் கட் பண்ணுவது? ஆபீஸ்காரர்கள் ஏறும் ரூட்டில் கை வைத்தால் மத்தியானத்துக்குள் புகார் வரும், மறுநாள் பேப்பரில் வரும். மணலிக்கு உள்ளே போகும் ரூட்டில் கை வைத்தால் ஒரு சத்தமும் வராது. அதில் ஏறுகிறவர்கள் மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள், கம்பெனி வாசலில் தினக்கூலிக்கு நிற்பவர்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்குக் கூடுதல் காசு கொடுத்துப் போய்விடுவார்கள். போன் செய்தவருக்கும் எழுதியவருக்கும் அவர்கள் மேல் ஒரு விரோதமும் கிடையாது. ஆனால் மாசக் கடைசியில் ரிஜிஸ்டரைப் புரட்டினால், கட் ஆன நடையைக் குறிக்கும் சிவப்பு மை ஒரே பக்கத்து ஊர்கள் மேலேயே விழுந்திருக்கும்.

அமெரிக்காவில் 2012-ல் மத்திய போக்குவரத்து நிர்வாகம் போட்ட சுற்றறிக்கை பிடித்தது இந்தச் சிவப்பு மையைத்தான். 2 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரப் பகுதியில், கூட்ட நேரத்தில் 50 வண்டியோ அதற்கு மேலோ ஓட்டும் நிறுவனம், ரூட்டைப் பெரிதாக மாற்றும் முன்பும் கட்டணத்தை ஏற்றும் முன்பும், அடி யார் மேல் அதிகம் விழுகிறது என்று கணக்குப் போட்டு, அதைத் தன் போர்டு முன்னால் வைக்க வேண்டும் என்றது அது. முன்னால் என்பதைக் கவனியுங்கள். வெட்டிவிட்டு வருத்தம் தெரிவிப்பது அந்தக் கணக்கில் சேராது.

மகனிடம் சொல்லுங்கள், தீர்மானம் போட்டதற்குப் பெருமைப்படட்டும். அப்படியே அந்தப் புகார் அதிகாரிக்கு ஒரு தடவை போன் போட்டு, எடுக்கிறாரா என்றும் பார்க்கட்டும்.

கேள்வி: அமெரிக்காக்காரன் கறுப்பர் தெருவையெல்லாம் இடிச்சுத்தானே ஹைவே போட்டான்? அவன் கிட்டயா நியாயம் கத்துக்கணும்?
— ஒரு லாரி டிரைவர், பெரம்பூர்

பதில்: போட்டான். நியூ ஆர்லியன்ஸில் கிளேபோர்ன் அவென்யூ என்று ஒரு தெரு. நடுவில் வரிசையாக ஓக் மரங்கள், இரண்டு பக்கமும் கறுப்பின மக்களின் கடைகள். 1966-ல் அந்த மரங்களை வெட்டி, மேலே ஐ-10 ஹைவேயைத் தூக்கிக் கட்டினார்கள். வருஷத்தைக் கவனித்தீர்களா? சட்டம் வந்தது 1964. சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்க, புல்டோசர் தெருவில் இருந்தது.

சட்டத்தின் பல்லையும் பிடுங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். "வேண்டுமென்றே செய்யவில்லை, ஆனால் விளைவு ஒரு சாராரைத் தாக்குகிறது" என்ற வகை வழக்கை அந்த ஆறாவது பகுதியின் கீழ் தனி ஆள் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று 2001-ல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழைகள், சிறுபான்மையினர் தலையில் சுற்றுச்சூழல் சுமை அதிகம் விழாமல் பார்க்க வேண்டும் என்று கிளிண்டன் 1994-ல் போட்ட உத்தரவை, டிரம்ப் 2025 ஜனவரியில் ரத்து செய்தார். உத்தரவைக் கையெழுத்தால் போட்டார்கள், கையெழுத்தாலேயே எடுத்தார்கள். 1964 சட்டத்தை அப்படி எடுக்க முடியாது.

ஆனாலும் ஒரு சம்பவத்தை நான் விட மாட்டேன். கலிபோர்னியாவில் ஓக்லாந்து விமான நிலையத்துக்கு ரயில் இணைப்புப் போட அங்குள்ள பார்ட் என்கிற ரயில் நிறுவனம் கிளம்பியது. நடுவில் இருக்கும் ஏழை மக்களின் பகுதிக்கு இதனால் என்ன பயன், டிக்கெட் விலை அவர்களுக்குக் கட்டுமா என்ற கணக்கை முறையாகப் போடவில்லை. உள்ளூர் அமைப்புகள் புகார் கொடுத்தன. 2010-ல் மத்திய போக்குவரத்து நிர்வாகம் 7 கோடி டாலரைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. திட்டம் நிற்கவில்லை, வேறு பணம் தேடிக் கட்டி 2014-ல் திறந்தார்கள். ஆனால் அந்த 7 கோடி அந்த வட்டாரத்தின் மற்ற பஸ், ரயில் செலவுக்குப் போனது. புகார் கொடுத்தவர்கள் கல் எறியவில்லை, மறியல் செய்யவில்லை. ஒரு ஃபாரத்தைப் பூர்த்தி செய்தார்கள். இதைக் கற்றுக்கொள்வதில் என்ன தப்பு, டிரைவர் சார்?

கேள்வி: நம்ம நாட்டுல இப்படி ஒரு சட்டமே இல்லையா?
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: அவர்களுக்கு முன்பே இருக்கிறது தம்பி. அரசியல் சாசனம் 15-வது பிரிவை எடுத்துப் படியுங்கள். இரண்டாவது உட்பிரிவில், முழுக்கவோ பகுதியாகவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் எதையும் பயன்படுத்த மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாருக்கும் தடை இருக்கக் கூடாது என்று இருக்கிறது. "பகுதியாகவோ" என்று போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். பாதி தனியார் பணம், பாதி அரசுப் பணம் என்றாலும் தப்ப முடியாது. 1950-ல் அமலுக்கு வந்தது, அமெரிக்கச் சட்டத்துக்கு 14 வருஷம் முந்தி.

சாசனத்துக்கும் முன்னால் நம் மாகாணத்திலேயே ஒருவர் இதைச் செய்தார். பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகளிடம், "ஏற்றாவிட்டால் லைசென்ஸ் ரத்து" என்று சொல்லிவிட்டார். அவர்களுக்குப் போதனை எதுவும் செய்யவில்லை. பெர்மிட் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசினார், பஸ் கதவு திறந்தது. வாஷிங்டன் பணத்தை வைத்துச் செய்ததை இவர் லைசென்ஸை வைத்துச் செய்தார்.

தி. நகர் பாண்டி பஜாருக்கு இவர் பெயர்தான். அந்த பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். பெஞ்சு, விளக்கு, பிள்ளைகள் ஓட இடம் எல்லாம் உண்டு. அழகாக இருக்கிறது, நானும் பேத்தியோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 2014-ல், போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை போட்டது. நாட்டிலேயே இப்படிச் செய்த முதல் நகரம் நம்முடையது. நல்ல கொள்கைதான். ஆனால் எவ்வளவு என்று எழுதினார்களே தவிர, எந்தத் தெருவுக்கு முதலில் என்று முடிவு செய்ய ஒரு அளவுகோல் வைக்கவில்லை. அதிகம் நடக்கிறவர்கள் யார்? வண்டி இல்லாதவர்கள். எங்கே இருக்கிறார்கள்? தம்பி, உங்கள் தெருவிலிருந்து மெயின் ரோடு வரை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு எனக்குப் பதில் எழுதுங்கள்.

கேள்வி: முன்னே ஊருக்குப் போகணும்னா பாரிமுனையில ஏறுவோம். அப்புறம் கோயம்பேடு. இப்ப கிளாம்பாக்கம். எங்களை மாதிரி வடசென்னைக்காரங்க தென் மாவட்டத்துக்குப் போகறதுக்கு முன்னாடியே ஒரு பயணம் போக வேண்டியிருக்கு. இதை நீங்க சொல்ற பாகுபாட்டுல சேர்க்கலாமா?
— மளிகைக் கடைக்காரர், திருவொற்றியூர்

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீட்டிச் சொல்ல இடம் கொடுங்கள்.

பாரிமுனை உங்களுக்குப் பத்து கிலோமீட்டருக்குள். 2002-ல் வெளியூர் பஸ்கள் கோயம்பேடு போயின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்தார்கள். திருவொற்றியூர் தேரடியிலிருந்து 40 கி.மீ.க்கு மேல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. பாரிமுனையில் பஸ் திரும்ப இடமில்லை. கோயம்பேட்டிலிருந்து பஸ் விட்டபோது, பண்டிகைக்குப் பண்டிகை தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோடு தாம்பரம் தாண்டி ஸ்தம்பித்தது. வடசென்னையைத் தண்டிக்க வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆனால் விளைவைக் கூட்டிப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு சூட்கேஸ், ஒரு அரிசிப் பை, ஊருக்கு வாங்கின பலகாரக் கூடை. ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கச் சாயங்காலமே கிளம்ப வேண்டும். எலெக்ட்ரிக் ட்ரெயின் என்றால் பீச்சில் இறங்கி மாறி வண்டலூர் வரை போய், அங்கிருந்து ஆட்டோ. மெட்ரோ என்றால் விமான நிலையத்தில் இறங்கி பஸ். மூட்டையோடு அலைய முடியாதவர்கள் கால் டாக்ஸி வைப்பார்கள். அந்த வாடகையும் விழுப்புரம் டிக்கெட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரிசு என்று உங்களுக்கே தெரியும். தெற்கே ஓ.எம்.ஆர். ரோட்டில் இருப்பவருக்கும் தாம்பரம்காரருக்கும் அதே மாற்றம் லாபம். ஒரே முடிவு, ஒரே அரசுப் பணம். ஒரு பக்கம் ஒரு மணி நேரம் மிச்சம், இன்னொரு பக்கம் இரண்டு மணி நேரம் செலவு.

இதைப் பாகுபாடு என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியுமா? சாசனம் 15(2) உங்களைக் காப்பாற்றாது. யாரும் உங்களைத் தடுக்கவில்லை, தூரம் மட்டும்தான் கூடியிருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன அமெரிக்கக் கொள்கை மாதிரி ஒன்று இங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றால், திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள்: எந்த வார்டிலிருந்து எத்தனை பேர் போகிறார்கள், புதிதாக எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, அவர்கள் வருமானத்தில் அது எத்தனை பங்கு. அட்டவணையைப் பார்த்ததும் எவனுக்கும் தோன்றும், வடக்கே இன்னொரு வாசல் வேண்டும் என்று.

அந்த வாசல் கையிலேயே இருந்தது. மாதவரத்தில் 2018-லேயே புறநகர் பஸ் நிலையம் திறந்தாகிவிட்டது, ஆந்திரா பஸ்களுக்காக. கிளாம்பாக்கம் திறந்து ஒரு மாசம் ஜனங்கள் கத்திய பிறகு, 2024 ஜனவரிக் கடைசியில்தான் தென் மாவட்டத்துக்குப் போகும் பஸ்களில் ஒரு பங்கை மாதவரத்திலிருந்து விட்டார்கள். கத்தினால் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷமில்லை. கத்தத் தெரியாத ஊர் எத்தனையோ இருக்கிறது, மணலி புதுநகர்க்காரர்கள் எந்த டி.வி. மைக்கைப் பிடிப்பார்கள்?

யார் இந்த அட்டவணையைப் போட வேண்டும் என்றால், அதற்கும் ஆள் இருக்கிறது. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க 'கும்டா' என்கிற போக்குவரத்துக் குழுமம். சட்டம் போட்டது 2010-ல். முதல் கூட்டம் கூடியது 2022 நவம்பரில். (நம் பக்கத்து பஸ்ஸே பரவாயில்லை.) "அரசுப் பணத்தில் நடக்கும் எந்தப் போக்குவரத்துத் திட்டமும், யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம் என்று வார்டு வாரியாகத் தமிழில் எழுதி முன்கூட்டியே வெளியிட வேண்டும்" என்று அந்தக் குழுமம் ஒரு பக்கத்தில் தீர்மானம் போடலாம். அதற்கு டெல்லியும் வேண்டாம், வாஷிங்டனும் வேண்டாம்.

கேள்வி: மெட்ரோவும் நமக்குக் கடைசியிலதானே வந்துச்சு?
— ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, ராயபுரம்

பதில்: ஆலந்தூர்–கோயம்பேடு 2015 ஜூனில். வண்ணாரப்பேட்டை 2019 பிப்ரவரியில். விம்கோ நகர் 2021 பிப்ரவரியில். முதல் திட்டமே வண்ணாரப்பேட்டையோடு முடிந்தது. அதற்கு மேல் 9 கி.மீ. நீட்டிப்பு பிற்பாடு சேர்த்தது. கடைசி என்பது உண்மைதான். வந்த பிறகு நன்றாக இருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் ராயபுரத்திலிருந்து எழுதிக்கொண்டு நீங்கள் இப்படி மனசு விடலாமா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று உங்கள் ஸ்டேஷனிலிருந்துதானே வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. வெள்ளைக்காரன் நம்மேல் பாசம் வைத்து முதலில் போடவில்லை. பக்கத்தில் கோட்டையும் கடற்கரையும் இருந்தது. பணம் எங்கே போக வேண்டுமோ அங்கே தண்டவாளம் போகும், அன்றைக்கும் இன்றைக்கும்.

கேள்வி: பெண்களுக்கு மட்டும் ஃப்ரீ பஸ். இது ஆண்களுக்கு எதிரான பாகுபாடு இல்லையா?
— பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: ஊரைச் சொல்லப் பயப்படுகிற அளவுக்கு வீட்டில் சூடு என்று தெரிகிறது. 15-வது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிச்சலுகை கொடுப்பதை எதுவும் தடுக்காது என்கிறது. 2021 மே மாதம் வந்த திட்டம். திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான் ஃப்ரீ. உங்கள் ரூட்டில் சாதாரண பஸ் குறைந்து டீலக்ஸ் கூடினால், மனைவி கையிலிருந்தும் காசு போகும், உங்கள் கையிலிருந்து அதிகமாகவே போகும். போர்டைப் பார்த்து எண்ணி எழுதுங்கள், போடுகிறேன்.

கேள்வி: நான் வீல்சேரில் இருப்பவள். தாழ்தள பஸ் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு இன்னும் ஏற முடியவில்லையே?
— ஓர் ஆசிரியை, எம்.கே.பி. நகர்

பதில்: டீச்சர், உங்களுக்குச் சட்டம் பலமாக இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41-வது பிரிவு போக்குவரத்துக்கென்றே இருக்கிறது. எல்லோரும் ஏறும்படியான பஸ் வாங்கு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, பல வருஷம் நடந்து நடந்து வாங்கியதுதான் 2024 ஆகஸ்டில் சாலைக்கு வந்த தாழ்தள பஸ்கள். அரசு தானாகக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பஸ்ஸின் தரை 400 மில்லிமீட்டர் உயரம். நிறுத்தியதும் பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் சாயும். சாய்பலகையை விரித்தால் வீல்சேர் உள்ளே போகும். ஆனால் அதற்குக் கீழே ஒரு பிளாட்பாரம் வேண்டுமே! பஸ் பிளாட்பாரத்தை ஒட்டி நின்றால்தான் சாய்பலகையின் சரிவு கைக்கு அடங்கும். நம் ஸ்டாப்புகளில் என்ன நடக்கிறது? பிளாட்பாரத்தை ஒட்டி இரண்டு ஆட்டோ, ஒரு பழ வண்டி. பஸ் நடு ரோட்டில் நிற்கிறது. சாய்பலகை தார் ரோட்டில் விழுகிறது, சரிவு செங்குத்தாகிறது, பின்னாலிருந்து ஹாரன். டிரைவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, ஓரம் கட்ட அவருக்கு இடமில்லை. பிளாட்பாரத்துக்கு வந்து சேரவே மழைநீர் வடிகால் ஸ்லாப் ஒன்று எகிறிக்கொண்டு நிற்கும்.

பஸ் ஒரு துறை, ஸ்டாப்பு ஒரு துறை, ஆட்டோவை எடுக்கச் சொல்வது போலீஸ். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதாதீர்கள். மூவரையும் எதிர்த்தரப்பாகப் போட்டு, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒரே மனு கொடுங்கள். ஸ்டாப்பு பெயர், நேரம், பஸ் நம்பர், ஒரு போட்டோ. விசாரிக்கிற அதிகாரம் அவருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: எங்க தெருவுல வந்து அளந்துட்டுப் போயிருக்காங்க. மெட்ரோவுக்கா, பாலத்துக்கா தெரியல. எங்களுக்குப் பட்டா இல்ல, ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும்தான் இருக்கு. கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு தூக்கிப் போட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு.
— தையல் வேலை செய்பவர், மூலக்கடை

பதில்: பயப்படுவதற்கு முன்னால் எந்தத் திட்டம், யார் பணம் என்று கண்டுபிடியுங்கள் அம்மா. முழு பதிலும் அதில்தான் இருக்கிறது.

2013 நில எடுப்புச் சட்டத்தில், நிலத்தை எடுக்கும் முன் அந்த ஊர் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆய்வு செய்து, கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கத்துக்கான நில எடுப்புச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டார்கள். 2019-ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. உடனே சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. ஆகவே அந்தச் சட்டங்களின் கீழ் எடுத்தால், பணக்கணக்கு 2013 சட்டப்படி வரும், முன்கூட்டிக் கேட்கும் அந்தக் கூட்டம் வராது. இதுதான் நம் ஊரில் இருக்கும் பெரிய ஓட்டை என்பது என் அபிப்பிராயம்.

மெட்ரோ இரண்டாம் கட்டமாக இருந்தால் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து கடன் வந்திருக்கிறது. ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைகா கொடுத்தது. ஆசிய வளர்ச்சி வங்கி 2022 டிசம்பரில் 78 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. அந்த வங்கியின் 2009 பாதுகாப்புக் கொள்கைப்படி, பட்டா இல்லாதவருக்கும் இழந்த கட்டடத்துக்கும் பிழைப்புக்கும் ஈடு செய்ய வேண்டும், வேறு இடத்தில் குடியேற உதவ வேண்டும். பாதிக்கப்படுகிறவர்களுக்குப் புரியும் மொழியில் மறுகுடியமர்வுத் திட்டத்தைக் காட்டவும் வேண்டும். உங்களுக்கு இல்லாதது நிலம் மட்டும்தான். தையல் மெஷின் போட்ட இடமும், அங்கே வரும் வாடிக்கையும் உங்களுடையது. அவர்கள் கணக்கில் அதற்கும் ஒரு வரி உண்டு. வங்கியிடமே புகார் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வங்கிப் பணம் போகும் பகுதியில் உங்கள் தெரு இருக்கிறதா என்று தெரிந்தால்தான் இது பலிக்கும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய் கட்டணம் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்படிக் கேளுங்கள்: எங்கள் தெருவில் அளவெடுத்தது எந்தத் திட்டத்துக்கு, எந்த உத்தரவுப்படி? பணம் யாருடையது? எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கிறீர்கள்? பாதிக்கப்படும் குடும்பங்களின் பட்டியலில் எங்கள் கதவு எண் இருக்கிறதா? மறுகுடியமர்வுத் திட்டத்தின் தமிழ்ப் பிரதி கொடுங்கள். ஐந்து கேள்வி, 30 நாளில் பதில் வர வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரே மனு போடாதீர்கள்; வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியாகப் போடுங்கள்.

கணக்கெடுக்க மறுபடி ஆள் வந்தால், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரும், தையல் தொழிலும், மெஷின் எண்ணிக்கையும் ஃபாரத்தில் ஏறிய பிறகு போடுங்கள், போட்டதை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அதையும் எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் வந்தால், படித்துச் சொல்ல என் பேத்தி இருக்கிறாள்.